மின்சாரம் போன பிறகும் பேசும் சென்சர்: தொடர்மாடி வீட்டுக்கு எந்தக் கம்பியில்லா முறை?

சென்ற மாரியில் ஓரிரவு எங்கள் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழிருந்த குழாய் கசிந்தது. அந்த இடத்தில் நீர்க்கசிவைச் சொல்லும் சென்சர் ஒன்றை வைத்திருந்தேன். அதன் பற்றரி புதியது. செய்தியை வாங்கிக்கொள்ளும் ஹப்பும் இணைய ரவுட்டரும் சிறிய யூபிஎஸ் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தன. இருந்தும் எந்த ஒலியும் எழவில்லை. விடிந்து அம்மா குசினிக்குள் போனபோது தரை முழுக்கத் தண்ணீர். அரிசி மூட்டையின் அடி ஊறிப்போயிருந்தது. கீழ்வீட்டுக் கூரையிலும் நீர்க்கறை படர்ந்துவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் சென்றது. அந்தச் சென்சர் ஹப்புடன் நேராகப் பேசிக்கொண்டிருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு அருகில் இருந்த, கைபேசியால் இயக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்றின் ஊடாகவே பேசியது. இரவு இரண்டு மணியளவில் மின்சாரம் தடைப்பட்டது, பிளக்கும் அதோடு அணைந்தது. தன் செய்தியைக் கைமாற்றித் தந்த கருவி போனதும், சென்சர் வேறு வழியைத் தேடிக்கொள்ளாமல் தனித்து நின்றுவிட்டது.

அதன் பிறகு, எங்கள் திருகோணமலையில், உவர்மலையிலோ உப்புவெளியிலோ தெரிந்தவர்கள் யாராவது “வீட்டுச் சென்சருக்கு எந்தத் தொழில்நுட்பம் நல்லது?” என்று கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மின்சாரம் போன நேரத்தில் உங்கள் வீடு உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும்? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனதையும் பார்த்தோம். வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவும் மின்சாரம் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் எனக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

சென்சர்களை முதன்முதலாக வாங்கப்போகிறவர்களுக்காக, இரண்டு மூன்று அறைகள் கொண்ட தொடர்மாடி வீட்டை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வளவோடு கூடிய தனி வீட்டுக்குக் கணக்கு சற்று வேறுபடும்.

படி 1: கடதாசியும் பேனாவும்

கடைக்குப் போகும் முன், இணையத்தில் தேடும் முன், வீட்டின் தரைப்படத்தை ஒரு கடதாசியில் வரையுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. கொங்கிரீட் தூண்கள் எங்கே, பிளக் பொயிண்டுகள் எங்கே, ரவுட்டர் எங்கே, குளிர்சாதனப் பெட்டியும் இரும்பு அலுமாரியும் எங்கே என்பவற்றைக் குறியுங்கள். பின்பு எந்த இடத்தில் எந்தச் சென்சர் வேண்டும் என்று எழுதுங்கள். வாசல் கதவு திறந்ததைச் சொல்வது, குசினியிலும் குளியலறையிலும் நீர்க்கசிவைச் சொல்வது, அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சொல்வது, நடமாட்டத்தைக் காண்பது. முதல் சுற்றுக்கு இவை போதும்.

இனி ஒவ்வொன்றின் பக்கத்திலும் “அவசரம்” அல்லது “தகவல்” என்று எழுதுங்கள். நீர்க்கசிவு அவசரம். இரவில் வாசல் கதவு திறப்பது அவசரம். அறையின் ஈரப்பதன் தகவல். வழிநடையில் ஆள் வந்தால் விளக்கு எரிவதும் தகவலோடு சேர்ந்ததுதான். தொழில்நுட்பத் தெரிவில் பாதி இந்த இரண்டு சொற்களிலேயே முடிந்துவிடும். அவசரம் என்று எழுதிய சென்சர் எதுவும் வீட்டு மின்சாரத்தையோ இணையத்தையோ நம்பி இருக்கக் கூடாது. தகவல் சொல்லும் சென்சர் இரண்டு மணி நேரம் ஊமையாக இருந்தாலும் குடி முழுகிவிடாது.

புகையையும் சமையல் வாயுவையும் வேறாக வைத்து எண்ணுங்கள். புகைச் சென்சர் வாங்கினால் அதன் உள்ளேயே பற்றரியும் உரத்த ஒலியெழுப்பியும் இருக்க வேண்டும். கைபேசிக்குச் செய்தி வருவது மேலதிக வசதி மட்டுமே. உயிர் காக்கும் வேலையை வானலையிடம் விடாதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். ஆகவே அதற்கான சென்சரைக் கருவியோடு வரும் குறிப்பின்படி தரைக்கு அருகில் பொருத்த வேண்டும். பெரும்பாலான வாயுச் சென்சர்கள் மின்சாரத்தில் இயங்குபவை என்பதால் மின்வெட்டில் அவை வேலை செய்யாது. இரவில் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடும் பழக்கத்தை எந்தச் சென்சருக்காகவும் கைவிடாதீர்கள்.

படி 2: வீட்டுக்குள் ஒரு நடை

வீட்டுச் சென்சர்கள் பேசும் கம்பியில்லா முறைகளில் வைஃபை, ஜிக்பீ, த்ரெட், புளூடூத் ஆகிய நான்கும் (இவற்றைப் படி 3இல் பார்ப்போம்) பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில்தான் இயங்குகின்றன. அதனால் உங்கள் கைபேசியே ஓர் அளவுகோல். வைஃபை அலையின் பலத்தை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகள் அண்ட்ரொய்ட் கைபேசிகளுக்குக் கிடைக்கின்றன. ரவுட்டரின் 2.4 கிகாஹேர்ட்ஸ் இணைப்பில் நின்று, தரைப்படத்தில் குறித்த ஒவ்வொரு இடத்துக்கும் போய் அந்த எண்ணை எழுதுங்கள். எண்கள் கழித்தல் குறியோடு இருக்கும். கழித்தல் 50 என்றால் நல்ல பலம், கழித்தல் 70 என்றால் பரவாயில்லை, கழித்தல் 80ஐத் தாண்டினால் அந்த இடம் சிக்கலானது.

கைபேசியை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு அளப்பது ஒரு பொதுவான தவறு. நீர்க்கசிவுச் சென்சர் இருக்கப்போவது தொட்டிக்குக் கீழே, தரையில், மூடிய கதவுக்குப் பின்னால். கைபேசியை அங்கேயே வைத்துக் கதவை மூடிவிட்டு, சற்றுப் பொறுத்து எடுத்துப் பாருங்கள். எங்கள் குசினியில் நின்ற நிலையில் கழித்தல் 58 காட்டிய அதே இடம், தொட்டிக்குக் கீழே கழித்தல் 74 ஆனது. நடுவில் இருந்தவை தண்ணீர் நிறைந்த குழாய்களும் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியும்தான். தண்ணீரும் உலோகமும் இந்த அலைகளுக்குப் பெரிய தடைகள். சீமெந்துக் கல் சுவர் ஓரளவு விடும். கம்பி கட்டிய கொங்கிரீட் தூணும் தளமும் நன்றாகவே மறிக்கும். யன்னலில் போட்ட இரும்புக் கிராதிக்கு வெளியே, பல்கனியில் சென்சர் வைக்க விரும்புகிறவர்கள் அங்கும் அளந்து பாருங்கள்.

அதே செயலியில் அயல்வீட்டு வைஃபைகளையும் எண்ணுங்கள். தனி வீட்டில் இரண்டோ மூன்றோ தெரியும். எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தில் என் படுக்கையறையில் நின்றால் பதினேழு தெரிந்தன. ஒவ்வொன்றும் எந்தச் சனலில், அதாவது அந்த மீடிறனின் எந்தப் பிரிவில், இருக்கிறது என்பதையும் செயலி காட்டும். அதைக் குறித்து வையுங்கள், பின்னால் பயன்படும்.

படி 3: யார் யார் இருக்கிறார்கள்

வைஃபையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தனியாக ஹப் தேவையில்லை, விலையும் குறைவு, கைபேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் இணைந்துவிடும். சுவர்ப் பிளக்கில் செருகும் கருவிகளுக்கு வைஃபை நல்ல தெரிவு. பற்றரியில் ஓடும் சென்சருக்கு அது பொருந்தாது. காரணம் எளிது. வைஃபை வானலையை எழுப்பி, ரவுட்டரைக் கண்டு, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, முகவரி பெற்று, செய்தி அனுப்பி மீண்டும் உறங்குவதற்குள் பெருமளவு மின்னோட்டம் செலவாகிறது. அனுப்பும் கணத்தில் அது இருநூறு மில்லியம்பியரையும் தாண்டும். நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரியால் அதைத் தர முடியாது. அதனால்தான் வைஃபைக் கதவுச் சென்சர்கள் இரண்டு ஏஏஏ பற்றரிகளைச் சுமந்துகொண்டு தடிப்பாக இருக்கின்றன. நாளுக்கு ஐம்பது தடவை திறந்து மூடும் வாசல் கதவில் நான் வைத்த முதல் சென்சர் இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. மலிவான வைஃபைக் கருவிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றிடம் போய்த் திரும்பித்தான் உங்கள் கைபேசிக்குச் செய்தி தருகின்றன. இணையம் இல்லையென்றால், கதவு திறந்தது பக்கத்து அறையில் இருக்கும் உங்களுக்கே தெரியாது.

ஜிக்பீ இதற்கு நேர்மாறான எண்ணத்தில் பிறந்தது. குறைவாகப் பேசு, மெதுவாகப் பேசு, மீதி நேரம் உறங்கு என்பதே அதன் இயல்பு. வேகம் அதிகபட்சம் செக்கனுக்கு 250 கிலோபிட். படம் அனுப்ப அது போதாது. “கதவு திறந்தது” என்று சொல்லத் தாராளமாகப் போதும். சிறிய நாணயப் பற்றரி ஒன்றில் ஓராண்டு, இரண்டாண்டு ஓடுவது சாதாரணம். செய்திகள் 128 பிட் ஏஇஎஸ் முறையில் மறைக்குறியிடப்படுகின்றன. அக்காரா, சோனாஃப் என்று பல நிறுவனங்கள் ஜிக்பீ சென்சர்கள் செய்கின்றன. ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறந்த மென்பொருளை ஒரு சிறு கணினியில் போட்டு, யூஎஸ்பியில் செருகும் ஜிக்பீக் குச்சி ஒன்றைப் பொருத்தினால் எல்லா நிறுவனச் சென்சர்களையும் ஒரே இடத்தில், இணையத்தின் உதவியே இல்லாமல் நடத்தலாம்.

ஜிக்பீயின் பெருமையாகச் சொல்லப்படுவது அதன் வலைப்பின்னல். பிளக், மின்குமிழ் போன்று மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீக் கருவிகள் பெரும்பாலும் மற்றவற்றின் செய்தியைக் கைமாற்றும். பற்றரியில் ஓடும் சென்சர்கள் கைமாற்றாது, யாராவது ஒருவரைத் தம் பெற்றோராகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெற்றோர் ஹப்பாகவும் இருக்கலாம், பக்கத்திலுள்ள பிளக்காகவும் இருக்கலாம். பெற்றோர் மறைந்தால் புதிய பெற்றோரைத் தேடிக்கொள்ள வேண்டும். சில சென்சர்கள் உடனே தேடுகின்றன, சில மணிக்கணக்கில் தேடுவதில்லை. என் குசினியில் நடந்தது இதுதான். விற்பனைப் பெட்டியில் வரம் என்று எழுதியிருக்கும் வலைப்பின்னல், மின்வெட்டு நேரத்தில் நம்ப முடியாத ஒன்றாகிவிடுகிறது. ஜிக்பீயை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொடர்மாடி வீட்டுக்கு என் தெரிவு இன்றும் ஜிக்பீதான். ஆனால் வீடு முழுவதையும் ஹப்பே நேரடியாக எட்டும்படி அதை வைக்க வேண்டும். இதைப் படி 5இல் சொல்கிறேன்.

த்ரெட், மேட்டர் ஆகிய இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெட்டியின் மேல் இவை இரண்டையும் பார்த்துக் குழம்பாதவர் இல்லை. த்ரெட் என்பது வானலை வழி. ஜிக்பீ பயன்படுத்தும் அதே 802.15.4 என்ற தரத்து வானலையில், இணைய முகவரியோடு இயங்கும் வலைப்பின்னல் அது. மேட்டர் என்பது வானலை அல்ல. கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழி. அந்த மொழியை வைஃபை மேலும் பேசலாம், த்ரெட் மேலும் பேசலாம், கம்பி வழியாகவும் பேசலாம். இதன் முதல் பதிப்பு 2022 ஒக்டோபரில் வந்தது. அதை வெளியிட்ட கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு முன்னர் ஜிக்பீ அலையன்ஸ் என்ற பெயரில் இருந்த அதே அமைப்புத்தான். ஆகவே “மேட்டர்” என்று மட்டும் எழுதிய பெட்டியைப் பார்த்தால், உள்ளே இருப்பது வைஃபையா த்ரெட்டா என்று கேட்டு வாங்குங்கள். வைஃபை என்றால் பற்றரிக் குறை அப்படியே இருக்கும். த்ரெட் என்றால் உங்கள் வீட்டு வலையமைப்போடு அதை இணைக்கும் போர்டர் ரவுட்டர் ஒன்று வேண்டும். அப்பிளின் ஹோம்பொட் மினி, கூகிளின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப் போன்றவை அந்த வேலையைச் செய்யும். அவை ஏற்கனவே உங்கள் வீட்டில் இருந்தால் த்ரெட் சென்சர்கள் நல்ல தெரிவு. இல்லையென்றால் இதற்காகவே ஒன்றை வாங்கச் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

புளூடூத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறைந்த சக்தி புளூடூத்தில் ஓடும் வெப்பநிலை, ஈரப்பதன் மானிகள் மலிவானவை, பற்றரியும் நீடிக்கும். ஒரே அறைக்குள் நன்றாக வேலை செய்யும். ஹப் இல்லாமல் கைபேசியை மட்டும் நம்பி வாங்கினால், நீங்கள் வெளியே போன கணமே அவை யாரிடமும் பேசாது. தகவல் என்று குறித்தவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

433 மெகாஹேர்ட்ஸ் கருவிகள் இன்னும் மலிவு, சுவரையும் நன்றாக ஊடுருவும். ஆனால் பெரும்பாலானவை ஒருவழியாக மட்டும் பேசுபவை. சென்சர் கத்தும், யாருக்காவது கேட்டதா என்று அதற்குத் தெரியாது. மறைக்குறியீடும் பொதுவாக இருப்பதில்லை. வாசல் கதவுக்கு இதை நான் வைக்க மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகள்

எங்கள் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இது. திருகோணமலையில் பலருக்குக் கனடாவில் ஓர் அண்ணா, இலண்டனில் ஒரு சித்தி, சிட்னியில் ஒரு மருமகன் இருக்கிறார்கள். அம்மா தனியே இருக்கிறார் என்ற கவலையில் அவர்கள் அன்போடு சென்சர்களை வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். அதில் இசட்-வேவ் என்று எழுதியிருந்தால் சற்று நில்லுங்கள்.

இசட்-வேவ் நல்ல தொழில்நுட்பம். 2.4 கிகாஹேர்ட்ஸ் நெரிசலில் மாட்டாமல் தாழ்ந்த மீடிறனில் ஓடுவதால் தடித்த சுவரையும் எளிதாகக் கடக்கும். ஆனால் அந்த மீடிறன் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவில் 868.4 மெகாஹேர்ட்ஸ், வட அமெரிக்காவில் 908.4, அவுஸ்திரேலியாவில் 921.4, இந்தியாவில் 865.2. ரொறன்ரோவில் வாங்கிய சென்சரும் இலண்டனில் வாங்கிய ஹப்பும் ஒரே மேசையில் அருகருகே இருந்தாலும் ஒன்றின் பேச்சு மற்றதுக்குக் கேட்காது. மேலும் எந்த மீடிறனை இங்கே பயன்படுத்தலாம் என்பதைத் தீர்மானிப்பது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அனுமதியைக் கேட்டறியாமல் இசட்-வேவ் கருவிகளை வரவழைக்க வேண்டாம். அனுப்ப விரும்பும் உறவினரிடம் “ஜிக்பீ வாங்குங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் உலகெங்கும் ஒன்றே என்பதால் எந்த நாட்டில் வாங்கிய பற்றரிச் சென்சரும் இங்கே இணையும்.

பற்றரிச் சென்சர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், எங்களுடையது 230. அங்கிருந்து வந்த ஸ்மார்ட் பிளக்கில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்காவிட்டால் அதை ஒருபோதும் செருகாதீர்கள். இலண்டனிலிருந்து வரும் சதுரக் கால் 13 அம்பியர் பிளக்குகளில் அந்தச் சிக்கல் இல்லை. பழைய கட்டடங்களில் வட்டக் கால் பிளக் பொயிண்டுகள் இருக்கும். அவற்றுக்கு அடப்டரின் மேல் அடப்டராகச் செருகி ஸ்மார்ட் பிளக் மாட்டுவதைவிட, மின்வினைஞர் ஒருவரை அழைத்துப் பொயிண்டை மாற்றுவது பாதுகாப்பு.

படி 4: சனலைத் தெரிவுசெய்தல்

படி 2இல் குறித்து வைத்த வைஃபைச் சனல்களை இப்போது எடுங்கள். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை பதினாறு சனல்கள் உண்டு. முதலாவது 2405 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி, ஐந்தைந்தாக ஏறி 2480இல் முடியும். வைஃபையின் 1, 6, 11 ஆகிய சனல்கள் முறையே 2412, 2437, 2462 மெகாஹேர்ட்ஸை நடுவாகக் கொண்டு இருபுறமும் பத்துப் பதினொரு மெகாஹேர்ட்ஸ் வரை பரவி நிற்கும். வைஃபை ரவுட்டரின் குரல் பெரியது, ஜிக்பீ சென்சரின் குரல் மிகச் சிறியது. பெரிய குரல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில்தான் சிறிய குரல் கேட்கும். ஜிக்பீ 15, 20, 25 ஆகியவை அந்தச் சந்துகளில் விழுகின்றன.

அயலில் எல்லோரும் 1, 6, 11 ஆகிய மூன்றிலும் பரவியிருந்தால் 25ஐ எடுங்கள். வைஃபை 11இலும் அதற்கு மேலும் கடும் நெரிசல் என்றால் 15. சனல் 20க்கு நான் கடைசி இடம் தருகிறேன், ஏனென்றால் மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறத்தாழ 2450 மெகாஹேர்ட்ஸில்தான். சாப்பாடு சூடாக்கும் மூன்று நிமிடமும் குசினிச் சென்சர் திணறுவதைக் கண்டிருக்கிறேன். சனல் 26 வெறுமையாகத் தெரிந்தாலும் சில கருவிகள் அதில் பேசுவதில்லை, அல்லது பலம் குறைத்துப் பேசுகின்றன.

உங்கள் சொந்த ரவுட்டரின் சனலையும் “தானியங்கி” என்பதிலிருந்து எடுத்து 1 அல்லது 6இல் நிலையாக வையுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸில் அலையகலத்தை 20 மெகாஹேர்ட்ஸுக்குக் குறையுங்கள். 40இல் விட்டால் சந்துகளையும் அது நிரப்பிவிடும். இந்த முடிவுகளையெல்லாம் முதல் சென்சரை இணைக்கும் முன்பே எடுங்கள். பின்னால் ஜிக்பீச் சனலை மாற்றினால் பற்றரிச் சென்சர்கள் சிலவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து மீண்டும் இணைக்க வேண்டிவரும்.

படி 5: ஹப் இருக்கும் இடம், அதன் மின்சாரம்

ஹப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில், தொலைக்காட்சிக்குப் பின்னால் செருகி மறைத்துவிடுவது வழக்கம். அதைத்தான் மாற்ற வேண்டும். தரைப்படத்தில் அவசரம் என்று குறித்த சென்சர்கள் எல்லாவற்றுக்கும் நடுவான ஓர் இடத்தைத் தேடுங்கள். வழிநடைச் சுவரில் தலை உயரத்துக்கு மேல் ஒரு சிறு தட்டு போதும். ரவுட்டரிலிருந்து ஒரு மீற்றராவது விலகியிருக்கட்டும். யூஎஸ்பிக் குச்சி என்றால் அதைக் கணினியில் நேரடியாகச் செருகாமல் ஒரு மீற்றர் நீட்டிப்புக் கம்பியில் மாட்டி விலக்கி வையுங்கள். யூஎஸ்பி 3 துளைகளும் அவற்றில் செருகிய வன்தட்டுகளும் 2.4 கிகாஹேர்ட்ஸை ஒட்டி இரைச்சலை உண்டாக்குகின்றன. அந்த ஒரு கம்பியால் தீர்ந்த சிக்கல்கள் பல.

அடுத்து யூபிஎஸ். ரவுட்டருக்கும் ஹப்புக்கும் பெரிய இன்வேட்டர் தேவையில்லை. 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தரும் சிறிய டிசி யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. அதன் மேல் 8800 மில்லியம்பியர் மணி என்று பெரிய எழுத்தில் இருந்தால் மயங்காதீர்கள். அது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் கலங்களின் கணக்கு. 8.8ஐ 3.7ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 32 வோற் மணி. ரவுட்டரும் ஹப்பும் சேர்ந்து 10 வோற் எடுத்தால் கணக்குப்படி மூன்று மணி நேரம். மாற்றத்தில் இழப்பதைக் கழித்தால் இரண்டரை மணி நேரம். வழக்கமான மின்தடைக்கு இது போதும். ஃபைபர் இணைப்பாக இருந்தால், சுவரில் மாட்டிய ஒளியிழைப் பெட்டிக்கும் அதே யூபிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் கொடுக்க மறக்காதீர்கள். அதை மறந்துவிட்டு “ரவுட்டர் எரிகிறது, இணையம் இல்லை” என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியிலுள்ள ஒளியிழைக்கு வழியில் மின்சாரம் தேவையில்லை. இரு முனைகளிலும் மின்சாரம் இருந்தால் இணைப்பு நிற்கும்.

வீட்டில் ஆள் இருக்கும்போது கேட்க வேண்டிய எச்சரிக்கைக்கு, பற்றரியில் ஓடும் ஜிக்பீ ஒலியெழுப்பி ஒன்றை ஹப்புடன் இணையுங்கள். அம்மா கைபேசியைத் தேநீர் மேசையில் வைத்துவிட்டுப் பூசையறையில் இருப்பார். கைபேசிச் செய்தி அவருக்கு உதவாது, ஒலி உதவும்.

படி 6: இணைக்கும் ஒழுங்கு

என் குசினி நனைந்ததற்கான தீர்வு இங்கே இருக்கிறது. வலைப்பின்னலை விரிக்க மின்சாரத்தில் ஓடும் பிளக்குகளை முதலில் இணையுங்கள், பிறகு சென்சர்களை இணையுங்கள் என்றுதான் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லும். மின்வெட்டு இல்லாத ஊருக்கு அது சரி. இங்கே அதைத் திருப்பிச் செய்யுங்கள். முதலில் அவசரச் சென்சர்களை மட்டும், அவை இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து, ஹப்போடு நேரடியாக இணையுங்கள். தொட்டிக்குக் கீழே போகும் சென்சரை மேசை மேல் வைத்து இணைக்காதீர்கள். எல்லாம் நேரடியாக இணைந்தால் உங்கள் வீட்டுக்கு வலைப்பின்னலே தேவையில்லை. மூன்று அறை வீட்டில், ஹப் நடுவில் இருந்தால், பெரும்பாலும் இது முடியும்.

ஒன்று மட்டும் எட்டவில்லையென்றால் ஹப்பை அரை மீற்றர், ஒரு மீற்றர் என்று நகர்த்திப் பாருங்கள். அப்படியும் எட்டாவிட்டால்தான் கைமாற்றும் கருவி. அதையும் சுவர்ப் பிளக்காக வாங்காமல், யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீக் கைமாற்றியாக வாங்கி, அந்த டிசி யூபிஎஸ்ஸிலோ மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போதே மின்னூட்டமும் வழங்கலும் ஒருங்கே செய்யும் பவர் பேங்க்கிலோ மாட்டுங்கள்.

ஸ்மார்ட் பிளக்குகள் வேண்டுமென்றால் கடைசியாகச் சேருங்கள். சென்சர்கள் காலப்போக்கில் ஹப்பை விட்டுப் பிளக்கைப் பெற்றோராக்கிக்கொள்ளக்கூடும் என்பதால், பிளக்குகளை வைஃபையிலேயே வாங்கிவிடுவது இன்னும் நல்லது. வைஃபைப் பிளக் ஜிக்பீ சென்சருக்குப் பெற்றோராக முடியாது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். இரண்டு தொழில்நுட்பங்களை ஒரே வீட்டில் வைப்பது குழப்பம் என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வேலையைக் கொடுத்தால் குழப்பம் வராது.

நடமாட்டச் சென்சரைப் பற்றி ஒரு வார்த்தை. அது பார்ப்பது ஆளை அல்ல, அசையும் வெப்பத்தை. தரைத்தளத்தில், திறந்திருக்கும் யன்னலை நோக்கியோ வாசலை நோக்கியோ வைத்தால், நம் ஊரில் வீதியில் திரியும் மான்களும் அதற்கு ஆட்கள்தான். உள்நோக்கித் திருப்பி வையுங்கள்.

படி 7: பிரதான ஆளியை அணைத்துப் பாருங்கள்

எல்லாம் பொருத்தி ஒரு வாரம் ஆன பின், ஒரு பகல்பொழுதில், வீட்டாரிடம் சொல்லிவிட்டு மின்பெட்டியில் உள்ள பிரதான ஆளியை அணையுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். இப்போது வாசல் கதவைத் திறவுங்கள். ஒரு கரண்டித் தண்ணீரை நீர்க்கசிவுச் சென்சரின் கீழ் விடுங்கள். ஒலி எழுகிறதா? கைபேசிக்குச் செய்தி வருகிறதா? பிறகு கைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, வெளியில் இருப்பதுபோல் மீண்டும் செய்து பாருங்கள். மூன்றாவதாக, ரவுட்டரிலிருந்து இணையக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அப்போது கைபேசிச் செய்தி வராவிட்டாலும் வீட்டுக்குள் ஒலி எழ வேண்டும். எழவில்லையென்றால் உங்கள் எச்சரிக்கை இன்னும் எங்கோ ஒரு சேவையகத்தை நம்பியிருக்கிறது என்று பொருள்.

ஒரு வாரம் பொறுக்கச் சொல்வதற்குக் காரணம், சென்சர்கள் தம் பெற்றோரை மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுப்பதே. இணைத்த அன்றே சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். என்னுடையதும் அன்று சரியாகத்தான் இருந்தது.

இதே சோதனையை ஆண்டுக்கு ஒரு தடவை, செப்டம்பர் இறுதியில், மாரி மழை தொடங்கும் முன் செய்யுங்கள். அப்போது சென்சர்களின் மூடியைத் திறந்து பற்றரி தொடும் உலோகத் தகடுகளையும் பாருங்கள். கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றுப் பட்டு அவற்றில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். பற்றரி நிறைந்திருந்தும் சென்சர் செத்ததுபோல் கிடப்பதற்கு அது போதும். உலர்ந்த துணியால் துடைத்து, புதுப் பற்றரி போட்ட திகதியை மூடியின் உட்புறம் பேனாவால் எழுதி வையுங்கள்.